நீர்முறையும் உரமுறையும்: சிற்றூர்ச் சமவெளியின் நெல்வயல்களில் இடரும் தழைச்சத்தும்

நெல் உழவர் தம் வயலுக்கு எவ்வளவு தழைச்சத்து இடுகிறார், ஏன் அந்த அளவில் இடுகிறார் என்ற கேள்விக்கு வேளாண் பொருளியலில் இரண்டு விடைகள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. சிறு உழவர் இழப்புக்கு அஞ்சுபவர், ஆகவே விளைச்சலைக் கூட்டவல்ல உரத்தைக் குறைத்தே இடுவார் என்பது ஒன்று. மானிய விலையில் கிடைப்பதால் யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுகிறார் என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் ஒரே வயலில், ஒரே போகத்தில் சேர்ந்து உண்மையாக இருக்கக்கூடும் என்பதைப் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லை தெளிவாகக் காட்டுகிறது. வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை முதல் சிற்றூர் வரை விரியும் இச்சமவெளியின் நீரையும் மண்ணையும் விலையையும் சேர்த்துப் பார்க்கும்போது, இடர் என்பது உரத்தின் மொத்த அளவைக் காட்டிலும் அது இடப்படும் நாளையே முதலில் பாதிக்கிறது என்பதும், அந்த நாளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாய்க்கால் நீரே என்பதும் புலனாகும்.

நிலமும் நீரும்

கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழைவளம் இப்பகுதிக்கு உரியதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முனையில், மழைமறைவில் கிடக்கும் வடகரப்பதிப் பகுதி மாநிலத்தின் சராசரி மழையில் பாதியைக்கூடப் பெறுவதில்லை. செம்புறை மண்ணும் அமிலத் தன்மையும் மிகுந்த கேரளத்தில், காரத்தன்மை கொண்ட கரிசல் மண் காணப்படும் அரிய இடமும் இதுவே. ஆகவேதான் மாநிலத்தின் வேளாண் சூழலியல் பகுப்பு, பாலக்காட்டின் கிழக்குச் சமவெளியைத் தனி அலகாகக் கொள்கிறது. பழைய கொச்சி அரசின் பகுதியாயிருந்த சிற்றூர் வட்டத்தில் தென்னையும் நிலக்கடலையும் காய்கறியும் மேட்டு நிலத்தைப் பிடித்துக்கொள்ள, நெல் வாய்க்காலும் ஏரியும் எட்டும் இடங்களில் நிற்கிறது. வடகரப்பதி அந்த நெல்நிலத்தின் வறண்ட விளிம்பு.

வாய்க்காலுக்கு வரும் நீரின் ஊற்றுக்கண் இன்னொரு மாநிலத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று கையெழுத்திட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரைக் கேரளம் பெறவேண்டும். டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடியைக் குறிக்கும். அங்கிருந்து சிற்றூர்ப் புழையில் இறங்கும் நீர் மூலத்தறை மதகில் தடுக்கப்பட்டு, வலதுகரை இடதுகரைக் கால்வாய்கள் வழியாகப் பிரிகிறது. கம்பாலத்தறை, வெங்கலக்கயம் போன்ற ஏரிகள் அதைத் தேக்கி வைத்துக் கொடுக்கின்றன. ஆண்டு முழுமைக்குமான அளவை ஒப்பந்தம் உறுதி செய்தாலும், எந்த வாரம் எவ்வளவு விடுவது என்பது இருமாநிலக் கூட்டு வாரியத்தின் பேச்சையும் அணைகளின் இருப்பையும் பொறுத்தது. நெற்பயிரின் தேவையோ வாரக் கணக்கில் மட்டுமல்ல, நாள் கணக்கிலும் அமைவது.

இந்நீரின் நிச்சயமின்மைக்கு அண்மைக் காலச் சான்றுகள் பல உண்டு. 2016ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோக, கேரளம் அக்டோபரிலேயே வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டது; பின்வந்த வடகிழக்குப் பருவமழையும் பாதிக்கு மேல் குறைந்தது. 2009 நவம்பர் வெள்ளத்தில் மூலத்தறை மதகே உடைந்தது. 2022 செப்டம்பர் 21 அன்று பரம்பிக்குளம் அணையின் மதகுக் கதவுகளில் ஒன்று பெயர்ந்து விழ, அணையில் சேர்ந்திருந்த நீர் பல நாள்கள் சாலக்குடி ஆற்றில் வீணே ஓடியது. முதலாவது மழையின் இடர், மற்ற இரண்டும் கட்டமைப்பின் இடர். கடைமடையில் நிற்கும் உழவருக்கு இவற்றிடையே வேறுபாடில்லை.

இடர் பற்றிய ஆய்வுகள் சொல்வது

உரம் இடரைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்பதை ஆராயும் கருவியை 1970களின் இறுதியில் ரிச்சர்ட் ஜஸ்ட், ரூலன் போப் என்னும் இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் அளித்தனர். ஓர் இடுபொருள் சராசரி விளைச்சலை எவ்வளவு உயர்த்துகிறது என்பதும், விளைச்சலின் ஏற்ற இறக்கத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்றும், அவற்றைத் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்றும் அவர்கள் காட்டினர். நீர்ப்பாசனம் பொதுவாகச் சராசரியை உயர்த்தி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் இடுபொருள். தழைச்சத்து சராசரியை உயர்த்தும்போதே ஏற்ற இறக்கத்தையும் விரிக்கக்கூடியது. நல்ல ஆண்டில் மிக நல்ல விளைச்சலையும், நீரோ நோயோ தவறிய ஆண்டில் போட்ட பணத்தின் இழப்பையும் அது தருகிறது.

எனினும், உழவர் குறைவாக உரமிடுவதற்கு இடர் அச்சமே காரணம் என்ற முடிவுக்கு இதிலிருந்து தாவிவிட முடியாது. பிலிப்பைன்ஸ் நெல் உழவர்களை ஆராய்ந்து ஜேம்ஸ் ரூமாசே 1976இல் வெளியிட்ட நூல், அவர்களது உரத் தெரிவை விளக்க இடர் அச்சம் தேவைப்படவில்லை என்றும், அவர்களுடைய வயலின் உண்மையான விளைச்சல் வாய்ப்பையும் விலையையும் கணக்கிட்டாலே அந்த அளவு நியாயமாகிவிடுகிறது என்றும் வாதிட்டது. ஆய்வுப் பண்ணையின் பரிந்துரை ஊர் வயலுக்கு மிகையாக இருந்ததே அங்குச் சிக்கல். ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் மகாராஷ்டிர, ஆந்திரக் கிராமங்களில் உண்மையான பணத்தைப் பரிசாக வைத்து நடத்தி 1980இல் வெளியிட்ட சோதனைகளும் இதே திசையைக் காட்டின. பரிசுத்தொகை பெரிதானபோது பெரும்பாலோர் மிதமான இடர் அச்சம் உடையவர்களாகவே இருந்தனர். ஏழைக்கும் வசதி படைத்தவருக்கும் இதில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. அப்படியானால், ஒரே ஊரின் இரு உழவர்கள் வெவ்வேறு விதமாக உரமிடுவதற்கான காரணத்தை அவர்களுடைய துணிவில் தேடுவதைவிட, நீரும் கடனும் கிடைக்கும் முறையில் தேடுவதே பொருத்தம். புரூஸ் பேப்காக் 1992இல் இன்னும் ஒரு படி சென்று, வானிலையும் மண்ணிலுள்ள தழைச்சத்தும் நிச்சயமாகத் தெரியாதபோது, இடருக்கு அஞ்சாத உழவருக்குக்கூடச் சற்றுக் கூடுதலாக உரமிடுவதே ஆதாயமாகலாம் எனக் காட்டினார்; நல்ல பருவம் அமைந்துவிட்டால் உரம் போதாமல் விளைச்சல் நழுவிவிடக் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

விலையின் கணக்கு

பேப்காக் சொன்ன நிலை இந்திய நெல்வயலுக்கு மிகவும் பொருந்துவதற்கு யூரியாவின் விலையே காரணம். 45 கிலோ மூட்டையின் விலை 242 ரூபாய். வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் வரியும் சேர்ந்து ஏறத்தாழ 266 ரூபாய் 50 காசு. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால், ஒரு மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து கிடைக்கிறது. கிலோவுக்குச் சுமார் 13 ரூபாய். கேரள அரசின் கொள்முதல் நிறுவனமான சப்ளைகோ 2024–25இல் நெல்லுக்குக் கொடுத்த விலை கிலோவுக்கு 28 ரூபாய் 20 காசு. ஆக, ஒரு கிலோ தழைச்சத்தின் விலையை அரைக்கிலோவுக்கும் குறைவான நெல் ஈடுகட்டிவிடும்.

நன்கு பயன்பட்ட ஒரு கிலோ தழைச்சத்து பத்துக் கிலோ நெல்லைக் கூடுதலாகத் தருவதாகக் கொள்வோமானால், பத்துப் போகத்தில் ஒன்பதில் அது முற்றும் வீணாகி ஒன்றில் மட்டும் பலித்தாலும், போகத்துக்குச் சராசரியாக ஒரு கிலோ நெல் வரவாகிறது. செலவோ அதில் பாதிக்கும் குறைவு. இந்தக் கணக்கில் கூலி சேரவில்லை, நோய் சேரவில்லை என்பது உண்மை. ஆனாலும் மூட்டை விலை ஒன்றையே பார்க்கும் உழவருக்கு, நிச்சயமின்மை உரத்தைக் குறைக்கச் சொல்லும் காரணமாக அமையாது. ‘இட்டு வைப்போம், இருக்கட்டும்’ என்னும் முடிவுக்கே அது அவரைத் தள்ளும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இந்நிலையில் இல்லை. 2010 ஏப்ரல் முதல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானிய முறைக்கு அவை மாற்றப்பட்டு விலை உயர, யூரியா மட்டும் பழைய கட்டுப்பாட்டு விலையில் நின்றது. கையில் பணம் சுருங்கும் போகத்தில் வெட்டு விழுவது பொட்டாஷ் மூட்டையின் மேல்தான். சாம்பல் சத்துக் குறைந்த பயிர் சாய்வுக்கும் நோய்க்கும் எளிதில் இடங்கொடுப்பதால், ஓரிடத்தில் மிச்சம் பிடிக்கப்பட்ட பணம் வேறோரிடத்தில் இடரைக் கூட்டுகிறது.

எல்லையோரத்தில் இதனோடு இன்னொரு குழப்பமும் சேர்கிறது. குறுகிய கால உயர்விளைச்சல் நெல்லுக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 70 கிலோ தழைச்சத்து. நடுத்தர வயது நெல்லுக்கு 90 கிலோ. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமோ கோயம்புத்தூர்ப் பகுதியின் குறுகிய கால நெல்லுக்கு 150 கிலோ பரிந்துரைக்கிறது. ஏக்கர் கணக்கில் பார்த்தால் யூரியாவாக முன்னது ஒன்றரை மூட்டைக்கும் குறைவு, பின்னது ஏறக்குறைய மூன்று மூட்டை. வடகரப்பதியின் நிலமும் வானமும் கேரளத்தின் மற்ற பகுதிகளைவிடக் கோயம்புத்தூரை ஒத்தவை. அலுவலகமும் பரிந்துரையும் கேரளத்துடையவை. உறவும் சந்தையும் எல்லையின் இருபுறமும் பரவியிருக்கும் ஊரில் இரண்டு எண்களும் காதில் விழும்போது, மலிவான உரத்தைப் பெரிய எண்ணின் பக்கம் சாய்த்து இடுவதில் வியப்பில்லை.

மேலுரம் இடும் நாள்

இடப்பட்ட யூரியா முழுவதும் பயிரைச் சேர்வதில்லை. ஆசிய நெல்வயல்களில் உழவர் இடும் தழைச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பயிரால் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பது ஆய்வுகளின் பொதுவான கணிப்பு. எஞ்சியது எங்கே போகிறது என்பதை ஒரு வயலில் தொடர்ந்து பார்த்தால், இடரின் உண்மையான இடம் தெரியவரும்.

நாற்று நட்டுச் சில வாரங்கள் ஆன வயலில், கணுக்கால் அளவு நீர் நிற்கையில் யூரியாவை வீசினால், குருணைகள் நீரிலேயே கரைகின்றன. யூரியேஸ் என்னும் நொதி அதைச் சில நாள்களில் அம்மோனியமாக மாற்றுகிறது. பகலில் நீர்ப்பாசிகள் ஒளிச்சேர்க்கைக்காக நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் நீரின் காரத்தன்மை நண்பகலில் ஏறுகிறது. கார நீரில் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. கரிசல் மண்ணின் இயல்பான காரத்தன்மையும், கணவாய் வழியே விடாமல் வீசும் காற்றும் இந்த இழப்பைக் கூட்டுவன. 2015 முதல் நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்ட வேப்பெண்ணெய்ப் பூச்சு, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, வாயுவாகப் பறக்கும் இந்த இழப்பைப் பெரிதும் தடுப்பதில்லை.

இதைக் குறைக்கும் வழி பழையது, எளியது: வயலின் நீரை வடித்து, சேறு தெரியும் நிலையில் உரமிட்டு, ஓரிரு நாளில் மீண்டும் நீர் கட்ட வேண்டும். உரம் சேற்றில் இறங்கி மண்துகளில் பற்றிக்கொள்ளும். ஆனால் இந்த எளிய வழி, வடித்த நீர் திரும்ப வரும் என்ற உறுதியைக் கேட்கிறது. வாய்க்காலில் முறைவைத்து நீர் விடப்படும்போது, அடுத்த முறை தள்ளிப்போகுமா, மேல்மடையில் மடக்கிக்கொள்வார்களா என்பது தெரியாத கடைமடை உழவருக்கு, நின்ற நீரை வடித்துவிடுவது பயிரையே பணயம் வைப்பதாகும். வயல் காய்ந்து வெடித்தால் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறி, மறுபடி நீர் தேங்கும்போது நைட்ரஜன் வாயுவாக வெளியேறிவிடும்; களையும் பொங்கும். ஆகவே அவர் நீரை வடிக்காமல் உரத்தை வீசுகிறார். இழப்பு நேரும் என்று அறிந்தவர், அதை ஈடுகட்ட ஒரு பங்கு கூடுதலாகவும் வீசுகிறார். பரிந்துரை நோக்கில் இது மிகை. அவருடைய நிலையில் இது நீருக்காகக் கட்டும் காப்பீட்டுத் தவணை.

இதன் மறுபக்கம் கதிர் உருவாகும் பருவத்தில் தெரிகிறது. தழைச்சத்தை அடியுரம், தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் எனப் பிரித்து இடுவதே முறை. கடைசித் தவணை மணிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதால் மதிப்பு மிக்கது. ஆனால் இரண்டாம் போகத்தில் அது அணை நீர் குறையத் தொடங்கும் காலத்தில் வருகிறது. அதற்குள் நீர் நின்றுவிடுமோ என்ற ஐயத்தில், கையில் நீர் இருக்கும் முதல் வாரங்களிலேயே உரத்தின் பெரும்பங்கை இட்டுவிட்டுக் கடைசித் தவணையைக் குறைப்பதோ கைவிடுவதோ கடைமடைக்கு இயல்பான தெரிவாகிறது. தொடக்கத்தில் மிகை, முடிவில் குறை என்னும் இந்த அமைப்பில்தான் கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய இரண்டு கூற்றுகளும் ஒருங்கே மெய்யாகின்றன.

ஆழ்துளைக் கிணறு உள்ளவரின் நிலை வேறு. வாய்க்கால் தவறினாலும் ஓரிரு தண்ணீர் பாய்ச்ச முடியும் என்பதால் அவர் துணிந்து நீரை வடிக்கலாம், தவணைகளைத் தள்ளி வைக்கலாம், குறைந்த உரத்தில் அதே விளைச்சலைப் பெறலாம். ஆனால் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் சிற்றூர் வட்டாரம் அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்டதாகப் பலமுறை குறிக்கப்பட்டிருப்பதை நோக்கினால், அனைவருக்கும் எட்டும் தீர்வு அதுவன்று.

இரு போகங்கள், இரு இடர்கள்

முதல் போகத்தின் இடர் வேறு வகையானது. மழைக்காலத்தில் மேகமூட்டம் ஒளியைக் குறைப்பதால் தழைச்சத்துக்குப் பயிர் காட்டும் விளைச்சல் எதிர்வினையும் குறைகிறது. இட்ட மறுநாள் பெருமழை பெய்தால் உரம் வரப்பு வழிந்து ஓடுகிறது. அதே பருவத்தில் தழைச்சத்து மிகுந்த, கரும்பச்சையான, நெருங்கித் தூர்கட்டிய பயிர் குலைநோய்க்கும் இலையுறைக் கருகலுக்கும் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் புகையானுக்கும் வசதியான இடமாகிறது. 1970களின் முற்பகுதியில் குட்டநாட்டு நெல்லைப் புகையான் பேரளவில் அழித்த பின்னரே, உயர்விளைச்சல் நெல்லும் மிகுந்த தழைச்சத்தும் சேர்ந்து எழுப்பும் இந்த ஆபத்துக் கேரளத்தில் பரவலாக உணரப்பட்டது.

அறுவடையின்போது பெய்யும் மழையில் பயிர் சாய்வது மற்றொரு இழப்பு. அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் முறையில், சாய்ந்த பயிரை அறுக்கக் கூடுதல் நேரம் பிடிப்பதால் உழவருக்கு மணி உதிர்வதோடு வாடகையும் ஏறுகிறது. மூட்டை விலையில் தெரியாத தழைச்சத்தின் உண்மைச் செலவு இங்கேதான் வெளிப்படுகிறது. உழவர் இதை வித்தின் மூலமும் எதிர்கொள்கிறார். பட்டாம்பி ஆய்வு நிலையம் 1974இல் வெளியிட்ட ஜோதி என்னும் நெல்வகை குறுகிய வயதும் சிவப்பரிசியும் கொண்டது. நீர் முடிவதற்குள் கதிருக்கு வந்துவிடும் என்பது அதன் வலிமை. மங்கொம்பு நிலையம் 1998இல் வெளியிட்ட உமா சாயாத் தன்மையும் புகையானுக்கு எதிர்ப்பும் உடையது. அதன் விதை மூன்று வாரம் வரை உறங்குவதால் மழையில் நனைந்தாலும் கதிரிலேயே முளைத்துவிடுவதில்லை. நீருக்கு அஞ்சினால் வயது குறைந்த நெல், சாய்வுக்கும் பூச்சிக்கும் அஞ்சினால் உமா என்று அமையும் தெரிவு, தழைச்சத்தின் அளவையும் கூடவே தீர்மானித்துவிடுகிறது.

பணமும் உரிமையும்

நெல்லைச் சப்ளைகோவுக்குக் கொடுத்தபின் உழவர் பெறுவது கொள்முதல் ரசீது. அதன்பேரில் வங்கி கடனாகப் பணத்தைக் கொடுத்து, பின்னர் அரசு அதை அடைக்கும் முறை நடப்பில் உள்ளது. இது தாமதமாகும்போது முதல் போகத்தின் பணம் இரண்டாம் போகத்தின் அடியுரத்துக்குக் கைக்கு வராமல் போகிறது. விலையிலும் உறுதி முழுமையாக இல்லை: 2023–24க்கும் 2024–25க்கும் இடையே மத்திய அரசு தன் குறைந்தபட்ச ஆதரவு விலையைக் கிலோவுக்கு 21 ரூபாய் 83 காசிலிருந்து 23 ரூபாயாக உயர்த்தியபோது, மாநிலத்தின் பங்கு அதே அளவு குறைந்ததால் உழவர் பெற்ற விலை 28 ரூபாய் 20 காசிலேயே நின்றது.

குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுபவரின் நிலை இன்னும் இக்கட்டானது. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டதால், இன்று நடக்கும் பாட்ட ஏற்பாடுகள் பெரும்பாலும் வாய்மொழியானவை. கடனுக்கும் காப்பீட்டுக்கும் தேவையான தாள் அவர் கையில் இருப்பதில்லை. அடுத்த ஆண்டு அதே வயல் தமக்குக் கிடைக்கும் என்ற உறுதியில்லாதவர், மண்ணைத் தேற்றும் தொழு உரத்தைவிட அதே போகத்தில் பலன் காட்டும் யூரியாவையே நாடுவார்.

காப்பீடு இத்தெரிவை மாற்றுமா என்பது அடுத்த கேள்வி. டீன் கார்லனும் கிறிஸ்டோபர் உட்ரியும் மற்றிருவரும் கானாவில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு, மழை சார்ந்த காப்பீடு பெற்ற உழவர் வேளாண்மையில் கூடுதலாக முதலீடு செய்தனர் எனக் காட்டியது. அங்கு உரப் பயன்பாடு குறைவு, ஊக்கம் தேவைப்பட்டது. யூரியா மலிவாகவும் மிகையாகவும் இருக்கும் சிற்றூரில், இழப்புக்குப் பின் பணம் தரும் காப்பீடு குடும்பத்தைக் காக்குமேயன்றி மேலுரம் இடும் நாளைத் திருத்தாது. இலையின் பச்சையை அட்டையின் பச்சையோடு ஒப்பிட்டு, குறித்த நிறத்துக்குக் கீழே போனால் மட்டும் உரமிடச் சொல்லும் இலை வண்ண அட்டை விலை குறைந்த, பயனுள்ள கருவி; ஆனால் அட்டை ‘இன்று இடு’ என்று சொல்லும் நாளில் வாய்க்காலில் நீர் இருந்தாக வேண்டும்.

முடிவு

இவ்வெல்லைப் பகுதியில் தழைச்சத்தின் மிகைக்கும் குறைக்கும் உழவரின் அறியாமையையோ அச்சத்தையோ காரணமாகச் சொல்வது பொருந்தாது. நீரின் நாள் தெரியாத நிலையில், மலிவாகக் கிடைக்கும் ஒரே காப்பாக யூரியாவை அவர் பயன்படுத்துகிறார். ஆகவே மூட்டை எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லும் பிரசாரத்துக்கு முன்னால் செய்யவேண்டியவை சில உண்டு. மூலத்தறையிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் நீர் விடப்படும் நாள்களைப் போகத் தொடக்கத்திலேயே நெல் உழவர் குழுக்களான பாடசேகர சமிதிகளுக்கு எழுத்தில் அறிவிப்பதும், மாற்றம் நேரும்போது முன்கூட்டியே சொல்வதும் நீர்வளத் துறையின் கடமை. அந்த நாள்களை ஒட்டி மேலுரத் தவணைகளை வகுத்துத் தருவதும், கரிசல் மண்ணுக்கும் மழைமறைவுக்கும் ஏற்ற தனி அளவை எல்லையின் இருபுறத்து ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து நிறுவுவதும் உள்ளூர் வேளாண் அலுவலகங்களான கிருஷி பவன்களும் இரு பல்கலைக்கழகங்களும் செய்யக்கூடியவை. நெல்லுக்கான பணம் அடுத்த நடவுக்கு முன் கைக்கு வந்தால், பொட்டாஷை வெட்டும் கட்டாயமும் குறையும். உரப் பரிந்துரை அட்டவணையில் கிலோவுக்கு ஒரு பத்தி இருக்கிறது. நீர் வரும் நாளுக்கும் ஒரு பத்தி சேரும்வரை, கடைமடை வயலில் அந்தக் கிலோக் கணக்கு நிலைக்காது.